இரண்டாவது நோயாளி

உணவகங்களின் பின்பக்கம், பாத்திரம் கழுவுமிடத்துக்குக் கீழே, ஒரு தொட்டி இருக்கும். சாப்பிட வருகிறவர்கள் அதைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். கழுவிய தண்ணீர் நேரே சாக்கடைக்குப் போகாமல் முதலில் இதற்குள் வந்து சற்று நிற்கும். நிற்கும்போது கொழுப்பு மேலே மிதக்கும், தண்ணீர் அடிவழியாக நழுவிவிடும். மிதப்பதை வாரம் ஒருமுறை யாராவது அள்ளியாக வேண்டும். அள்ளாவிட்டால் முதல் வாரம் ஒன்றும் ஆகாது. இரண்டாவது வாரமும் ஆகாது. அதனால் அள்ளவே தேவையில்லை என்று முதலாளி நினைக்கத் தொடங்குவார். நாலாவது வாரம் சமையலறைத் தரையில் கறுப்புத் தண்ணீர் எட்டிப் பார்க்கும்.

அப்படி அள்ளுவதுதான் அவருக்குத் தொழில். எல்லோரும் அவரைத் தொட்டிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். ஆகவே, அவருடைய நாலு மாதக் குழந்தையின் வயிறு ஏன் மத்தளம் போல் இறுகிக் கிடக்கிறது என்று குழந்தை மருத்துவர் விளக்க ஆரம்பித்தபோது, அவருக்கு ஒரே தடவையில் விளங்கிவிட்டது. விளங்காமலே போயிருக்கலாம்.

"உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் குட்டிக் குட்டிப் பை இருக்கு. லைசோசோம்னு பேரு," என்றார் அந்த அம்மாள். "வேண்டாதது, பழசு, கொழுப்பு எல்லாம் அதுக்குள்ள போகும். உள்ள வெட்டிப் போடுறதுக்கு என்சைம்னு ஆளுங்க இருப்பாங்க. ஒவ்வொரு சரக்குக்கும் தனித்தனி ஆள். இந்தக் கொழுப்பை வெட்ட ஒரே ஒரு ஆள்தான். உங்க பாப்பா உடம்புல அந்த ஆள் இல்ல."

"அப்ப கொழுப்பு?"

"உள்ள வரும். வெளிய போகாது. கல்லீரல், மண்ணீரல், குடல் எல்லாத்துலயும் சேர்ந்துக்கிட்டே இருக்கும்."

"அள்ள ஆளில்லாத தொட்டி," என்றார் தொட்டிக்காரர்.

"அதேதான்," என்றார் மருத்துவர். நல்ல மாணவன் கிடைத்த சந்தோஷத்தில் சிரித்துவிட்டு, உடனே முகத்தைத் திருத்திக்கொண்டார்.

குழந்தையை வீட்டில் பொடிசு என்பார்கள். இரண்டு மாதத்தில் என்ன எடை இருந்தாளோ அதே எடைதான் இப்போதும். வயிறு மட்டும் வளர்ந்தது. தாய்ப்பாலிலும் கொழுப்பு உண்டு என்பதால் அதையும் நிறுத்தி, கொழுப்பில்லாத மாவுப்பால் கொடுத்துவந்தார்கள். பால் கட்டிய மார்போடு அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இப்போது கேட்டாள்.

"மருந்து இருக்கா, மேடம்?"

"இருக்கு. அதே என்சைமை வெளிய செஞ்சு, வாரா வாரம் நரம்பு வழியா ஏத்தணும். ஏத்தினா பிழைச்சுக்குவா. இல்லேன்னா..." மருத்துவர் சன்னலைப் பார்த்தார். "முதல் பிறந்தநாள் வராது. மருந்து ஒரே இடத்துலதான் இருக்கு. அரிய நோய்கள் அங்கீகார வாரியம். அவங்க குளிரறையில."

"நாளைக்கே போறோம்," என்றார் தொட்டிக்காரர்.

மருத்துவர் மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு பேனா எடுத்துக் கொடுத்தார். "அங்க பேனா கட்டிப் போட்டிருப்பாங்க. மை இருக்காது."

வாரியத்துக்கு ஆறு மாடி. தொட்டிக்காரர் எந்தக் கட்டடத்துக்குள் நுழையும் முன்பும் சுவரை விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார், தொழில் பழக்கம். இங்கே தட்டினார். வெற்றுச் சுவருக்குரிய ஓசை வரவில்லை. நிறைந்த குடத்தைத் தட்டியது போல இருந்தது. தள்ளி நின்று பார்த்தார். இரண்டாம் மாடியும் மூன்றாம் மாடியும் தெருப் பக்கமாக லேசாகப் பிதுங்கியிருந்தன.

உள்ளே போனதும் காரணம் தெரிந்தது. கோப்புகள். அலமாரிகளில் அல்ல, அலமாரிகள் எப்போதோ நிறைந்துவிட்டன. நாற்காலிகளுக்கு அடியில், படிக்கட்டின் இரு ஓரங்களில், கழிப்பறைக்குள் மேற்கூரை வரை. அலுவலர்கள் கோப்புகளுக்கு நடுவே விட்டிருந்த சந்துகளில் பக்கவாட்டில் நடந்தார்கள். நெடுநாள் பணியில் இருந்தவர்கள் பக்கவாட்டில் நடந்து நடந்து மெலிந்திருந்தார்கள்.

தரைத்தளத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறை மட்டும் சுத்தமாக இருந்தது. அதுதான் குளிரறை. உள்ளே வெள்ளைப் பெட்டி ஒன்று மெல்ல உறுமிக்கொண்டிருக்க, அதன் கண்ணாடி வழியே வரிசை வரிசையாகக் குப்பிகள் தெரிந்தன. பொடிசின் அம்மா கண்ணாடியில் கையை வைத்தாள்.

"கை வைக்காதீங்கம்மா, ரேகை விழும்," என்றார் வாசலில் இருந்த காப்பாளர். "தினம் துடைக்கிறோம்."

"இதெல்லாம் யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. காலாவதி ஆனா எடுத்துட்டுப் புதுசு வைப்போம். இதுவரை ஒரு குப்பிக்குக்கூடத் தட்டுப்பாடு வந்ததில்ல." அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

முதல் மாடியில் பற்றாக்குறைப் பிரிவு. அங்கிருந்த அதிகாரி இரத்தப் பரிசோதனைத் தாளைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"என்சைம் அளவு பூஜ்யம்னு போட்டிருக்கே?"

"ஆமா சார். சுத்தமா இல்ல."

"பற்றாக்குறைன்னா என்ன? கொஞ்சம் இருக்கணும், பத்தாம இருக்கணும். உங்களுக்கு இல்லவே இல்லையே. இல்லாமைக்கு வேற பிரிவு."

"அது எங்க சார் இருக்கு?"

"அது இல்ல," என்றார் அதிகாரி. பிறகு இரக்கப்பட்டு, மனுவை வாங்கி ஆறு பிரதி எடுத்து ஆறு பிரிவுக்கும் அனுப்பிவைத்தார். அங்கே எது உள்ளே வந்தாலும் ஆறாகிவிடும்.

இரண்டாம் மாடி மரபுப் பிரிவு. படிவத்தில் 'குறைபாட்டுக்குப் பொறுப்பானவர்' என்று ஒரு கட்டம் இருந்தது.

"அப்பாவா, அம்மாவா?" என்றாள் எழுத்தர்.

தொட்டிக்காரர் மருத்துவர் சொன்னதை அப்படியே விளக்கினார். அந்த என்சைமைச் செய்யும் குறிப்பு ஒவ்வொருவர் உடம்பிலும் இரண்டு பிரதி இருக்கிறது. ஒன்று அம்மா வழி, ஒன்று அப்பா வழி. ஒன்று கெட்டிருந்தாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும், வெளியே தெரியாது. அவருக்கும் ஒன்று கெட்டது, அவர் மனைவிக்கும் ஒன்று கெட்டது. இருவரிடமிருந்தும் கெட்டதே குழந்தைக்குப் போய்ச் சேர நாலில் ஒரு வாய்ப்பு. யாரும் எதுவும் செய்யவில்லை.

எழுத்தர் கவனமாகக் கேட்டாள். "நல்லாப் புரியுது சார். ஆனா கட்டம் ஒண்ணுதான் இருக்கு."

"ரெண்டு பேரையும் எழுதுங்களேன்."

"ரெண்டு பேர் பொறுப்புன்னா யாருமே பொறுப்பில்லைன்னு ஆயிடும். எங்க வாரியத்துலயே அதுதான் வழக்கம். பொதுமக்களுக்கு அந்தச் சலுகை கிடையாது."

"என் பேரைப் போடுங்க," என்றாள் பொடிசின் அம்மா.

"ஏம்மா, நீ ஏன்..."

"சும்மா இருங்க. யார் பேராச்சும் போட்டுட்டு மேல அனுப்பட்டும். அவ காலையிலேர்ந்து மூணு வாட்டி கக்கிட்டா."

மூன்றாம் மாடிதான் எல்லோரும் பயந்த இடம். அரிதுப் பிரிவு. அதன் கண்காணிப்பாளர் சாந்தமான மனிதர். குழந்தையைப் பார்த்து 'உச்சு' கொட்டினார். வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "ரொம்ப அரிது," என்று மெச்சினார்.

"அப்ப அங்கீகாரம் குடுப்பீங்களா சார்?"

"இருங்க. இந்த நோய் உங்க பொண்ணுக்கு மட்டும்தான் இருக்கா?"

"எங்களுக்குத் தெரிஞ்சு அப்படித்தான்."

"அப்ப இது நோயே இல்லையே. நிகழ்ச்சி." அவர் விதிப்புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். "ஒருத்தருக்கு வந்தா நிகழ்ச்சி. ரெண்டு பேருக்கு வந்தா அரிய நோய். ரொம்பப் பேருக்கு வந்தா சாதாரண நோய், அது வேற வாரியம். நீங்க இன்னும் ஒரே ஒருத்தரைக் கண்டுபிடிச்சா போதும். உங்க கோப்பை இணைநோயாளி அறையில வைக்கச் சொல்றேன். இன்னொரு மனு வந்த உடனே ரெண்டையும் சேர்த்து எடுத்துடுவோம்."

"அது எப்ப சார் வரும்?"

"அரிய நோயாச்சே," என்றார் கண்காணிப்பாளர், "மெதுவாத்தான் வரும்."

இப்படி மூன்று வாரம் போயிற்று. பொடிசின் வயிற்றில் நீல நரம்புகள் தெரியத் தொடங்கின. கைகால் குச்சியாயிற்று. முன்பு பசித்தால் கத்துவாள், இப்போது முனகினாள். நாலாவது வாரம் வாரியமே அவர்களை நேர்காணலுக்கு அழைத்தது. மாநாட்டு அறையில் ஒன்பது உறுப்பினர்கள் அமர்ந்திருந்தார்கள். கோப்புகளுக்கு மேலாகத் தலைகள் மட்டும் தெரிந்தன. செயலர் எழுந்து பேசினார்.

"இந்தப் பெற்றோர் முன்னிலையில் ஒன்றைப் பெருமிதத்தோடு சொல்லிக்கொள்கிறேன். கடந்த எட்டு ஆண்டுகளாக இவ்வாரியம் ஒரு மனுவைக்கூட நிராகரித்தது கிடையாது. வந்த ஒரு தாளைக்கூட நாங்கள் வெளியே விட்டதில்லை. ஒவ்வொரு குழந்தையும் எங்கள் பரிசீலனையில் பத்திரமாக இருக்கிறது. அவர்களில் பலர் எங்களை விட்டுப் போயிருக்கலாம். நாங்கள் அவர்களை விட்டதில்லை."

உறுப்பினர்கள் கைதட்டினார்கள். அந்த அதிர்வில் மேற்கூரையிலிருந்து காரைத் தூள் கொஞ்சம் உதிர்ந்தது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எத்தனை பேருக்குக் குடுத்திருக்கீங்க?" என்றாள் பொடிசின் அம்மா.

"அது அடுத்த கட்டம், அம்மா," என்றார் செயலர் கனிவாக. நேர்காணல் முடிந்தது.

தொட்டிக்காரர் படியிறங்கினார். படிக்கட்டின் கீழ்வளைவில் ஒரு முக்காலி போட்டு வயதான ஒருவர் உட்கார்ந்திருப்பார். தொட்டிக்காரர் வந்த நாளிலிருந்து அவரைப் பார்க்கிறார். மேசை கிடையாது. சட்டைப்பையில் துணி சுற்றிய ஏதோ ஒன்று புடைத்துக்கொண்டிருக்கும். இன்றைக்குத்தான் அவராகவே வாய் திறந்தார்.

"என்ன தம்பி, கைதட்டினாங்களா?"

"தட்டினாங்கண்ணே. நீங்க இங்க என்ன வேலை?"

"தீர்வு எழுத்தர். எல்லாப் பிரிவும் பார்த்து முடிச்ச கோப்பு கடைசியா என்கிட்ட வரும். படிச்சு, 'வழங்கலாம்' இல்லேன்னா 'வழங்க இயலாது'ன்னு முத்திரை குத்தி வெளிய அனுப்புவேன். இங்க அதுக்கு நான் ஒருத்தன்தான்."

"அப்ப ஏன் சும்மா உட்கார்ந்திருக்கீங்க?"

பெரியவர் சிரித்தார். "எட்டு வருஷம் முன்னாடி வேலைத்திறன் ஆய்வுன்னு வந்தாங்க. சாயங்காலம் ஒவ்வொரு மேசையா பார்த்தாங்க. எல்லார் மேசையிலும் மலை மாதிரி கோப்பு. என் மேசை மட்டும் துடைச்சு வச்ச மாதிரி காலி. 'இவருக்கு வேலையே இல்லை'ன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. மறுநாள் மேசையை எடுத்துட்டாங்க."

"வீட்டுக்கு அனுப்பலியா?"

"அனுப்புறதுக்குக் கோப்பு போட்டிருக்காங்களே. அதைத் தீர்க்கணுமில்ல? தீர்க்கிற ஆள் நான்தானே?"

தொட்டிக்காரர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கட்டடம் ஏன் பிதுங்குகிறது என்று அவருக்கு இப்போது துல்லியமாகத் தெரிந்தது. உள்ளே வருகிறது, ஆறாகிறது, வெளியே போகவில்லை. ஆறு மாடியில் முன்னூறு பேர் ஓடியாடி வேலை செய்கிறார்கள், வெட்டிப்போடுகிற அந்த ஒரு ஆளைத் தவிர. பொடிசின் ஈரலுக்குள் பார்த்தால் இதே சந்துகள், இதே நெரிசல்தான் இருக்கும்.

"அண்ணே, மேசை இருந்தா வேலை செய்வீங்களா?"

"மேசை இல்லாம முத்திரை குத்தினா அழுத்தமா விழாது தம்பி."

மறுநாள் தொட்டிக்காரர் கொழுப்பு அள்ளுகிற தகர டிரம்மைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்து, இணைநோயாளி அறைக்குள் கவிழ்த்து வைத்தார். பெரியவர் அதன் முன்னால் முக்காலியைப் போட்டு, பையிலிருந்த துணியைப் பிரித்தார். இரண்டு முத்திரைகள்.

அறை தொட்டியைப் போலத்தான் இருந்தது. கதவைத் திறந்து கோப்பை எறிந்து மூடுவார்களாம். குவியல் ஆள் உயரத்துக்கு வந்திருந்தது. "நடுவுல உருவக் கூடாதுண்ணே, சரிஞ்சுடும்," என்றார் தொட்டிக்காரர். "மேலேர்ந்துதான் அள்ளணும்." பொடிசின் கோப்பு புதிது என்பதால் அரை மணியில் கிடைத்தது. பெரியவர் முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை படித்தார்.

"எல்லாம் சரியா இருக்கு. ஆனா ரெண்டாவது நோயாளி வேணும் தம்பி. அது விதி. அது இல்லாம நான் குத்தினா காப்பாளர் பெட்டியைத் திறக்க மாட்டான்."

"இதுக்குள்ளயே தேடுவோம்."

"தேடுவோம். தேடுறப்பவே மத்ததையும் பார்த்துடுவோமே?" என்றார் பெரியவர். எட்டு வருடம் பசித்திருந்தவரின் குரல் அது. ஒன்று எடுத்தார், படித்தார், இரண்டு முத்திரையில் உரியதைக் குத்தினார். அடுத்தது. மாலைக்குள் நாற்பத்தொரு கோப்பு அறையை விட்டு வெளியே போயிற்று. கட்டடத்துக்குள் எங்கோ ஒரு சுவர் முனகி, சற்றே தளர்ந்ததைத் தொட்டிக்காரர் கேட்டார்.

வாரியமும் கேட்டது. வெளியே போகும் கோப்பைப் பார்த்தே அறியாத இளைய அலுவலர்கள் பதறிப்போனார்கள். ஏதோ உள்ளே புகுந்துவிட்டது என்று மாடிக்கு மாடி செய்தி பரவிற்று. அன்று மாலையே அவசரக் கூட்டம். ஒன்பது பேரும் ஒரே மேசையில் குனிந்து கையெழுத்திட்டார்கள். பெரியவரின் ஓய்வுக் கோப்பு இருபது நிமிடத்தில் தீர்க்கப்பட்டது. எட்டு ஆண்டுகளில் வாரியமே முடித்த ஒரே கோப்பு அதுதான்.

மறுநாள் காலை தொட்டிக்காரர் மனைவியோடும் குழந்தையோடும் வந்தபோது முக்காலி காலியாக இருந்தது. டிரம்மைத் தூக்கிப் பார்த்தார். அடியில், துணி சுற்றியபடி, முத்திரைகள் இருந்தன.

"போய்ட்டாரா?" என்றாள் மனைவி. பொடிசு முனகக்கூட இல்லை. வாய் திறந்தபடி மூச்சு மட்டும் வாங்கிக்கொண்டிருந்தாள்.

தொட்டிக்காரர் மேலிருந்து அள்ளத் தொடங்கினார். பத்து மணிக்கு ஓர் அதிகாரி எட்டிப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார்.

"புதுசா வந்திருக்கேன்."

"உத்தரவு?"

"கோப்புல இருக்கு."

அதிகாரி திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் பக்கவாட்டில் நடந்து போனார்.

வேறு பெயர்கள், வேறு நோய்கள். இரத்தம் உறையாத ஒருவன், எலும்பு நொறுங்கும் ஒருத்தி. ஒவ்வொருவரும் இன்னொருவருக்காகக் காத்திருந்தார்கள். மூன்று மணிக்கு, ஏறக்குறைய தரையைத் தொடும் இடத்தில், நமுத்துப்போன ஒரு கோப்பு வந்தது. அதே நோய். அதே 'பூஜ்யம்'. பொறுப்பானவர் என்ற கட்டத்தில் ஒரு தாயின் கையெழுத்து. குழந்தைக்கு அப்போது ஐந்து மாதம். மனுத் தேதி ஆறு ஆண்டுகளுக்கு முந்தையது. கடைசித் தாளில் கண்காணிப்பாளரின் அழகான கையெழுத்து: 'நிகழ்ச்சி. இணைநோயாளி கிடைத்ததும் விண்ணப்பதாரருக்குத் தொலைபேசியில் தெரிவிக்கப்படும்.'

தொட்டிக்காரர் அதை மனைவியிடம் காட்டவில்லை. ஆனால் அவள் படித்துவிட்டாள்.

இரண்டு கோப்பையும் பக்கம் பக்கமாக டிரம்மின் மேல் வைத்து, இரண்டிலும் 'வழங்கலாம்' என்று குத்தினார். அழுத்தமாகவே விழுந்தது.

குளிரறைக் காப்பாளர் முத்திரையை விதிப்புத்தகத்திலிருந்த மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "நிஜ முத்திரை! நான் வேலைக்கு வந்ததுலேர்ந்து பார்த்ததே இல்ல." சாவியை எடுத்துக் கண்ணாடிக் கதவைத் திறந்தார். குளிர்ந்த காற்று பொடிசின் முகத்தில் பட்டது. அவள் கண்ணைச் சிமிட்டினாள். பெட்டியின் பூட்டில் சாவியை நுழைத்த காப்பாளர் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கு அனுமதி. ரெண்டு தரப்புலயும் விண்ணப்பிச்சவங்க நேர்ல இருந்தாத்தான் பெட்டியைத் திறக்கலாம். இன்னொரு தரப்பு எங்க?"

"அவங்க... பின்னால வராங்க."

"அஞ்சு மணிக்குப் பூட்டிடுவேன். அப்புறம் வருடாந்திரத் துப்புரவு, பதினஞ்சு நாள் திறக்க மாட்டோம்."

சுவர்க் கடிகாரத்தில் மூன்றே முக்கால். தொட்டிக்காரர் பழைய கோப்பின் முதல் தாளைத் திருப்பினார். பெயருக்குக் கீழே ஒரு தொலைபேசி எண். ஆறு வருடத்தில் எண்ணெல்லாம் மாறியிருக்கும். அழைத்தார். இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"ஹலோ," என்றார். "அரிய நோய்கள் வாரியத்துலேர்ந்து..."

எதிர்முனையில் ஒரு பெண்குரல், தூக்கத்தில் பேசுவது போல, கேட்டது.

"இன்னொரு குழந்தை வந்திருச்சா?"

"வந்திருச்சும்மா. என் பொண்ணுதான்."

"எத்தனை மாசம்?"

"அஞ்சு ஆகப் போகுது."

"என் பையனுக்கும் அப்ப அஞ்சுதான்." ஏதோ விழுகிற சத்தம், செருப்புத் தேடுகிற சத்தம், கதவு திறக்கிற சத்தம். "நான் கிளம்பிட்டேன். ஒரு மணி நேரமாவது ஆகும். அவங்களைக் கதவைப் பூட்ட விடாதீங்க."

பொடிசின் அம்மா குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, குளிரறைக் கதவின் இடுக்கில் போய்க் காலை வைத்து நின்றாள்.